பியூப்பில் பிரீமியமும் விளையாட்டுப் பணமும்: இங்கிலாந்தில் பிள்ளை படிக்கும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

நான் வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பெற்றோர் கவர்னராக, அதாவது பாடசாலை நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பு உறுப்பினராக, இருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், கோயில் மண்டபத்தில், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்தார், சென்னைக்காரர், மலேசியாவிலிருந்து வந்தவர் என்று எல்லோருக்கும் அதே குழப்பம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். தொகைகளும் விதிகளும் 2025-26க்கு உரியவை. இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடுகள் வேறு.

1. பியூப்பில் பிரீமியம் எண்டா என்ன? ஸ்கூல் மீட்டிங்கில எல்லாரும் சொல்லினம், எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு.

வெட்கப்பட ஒன்றுமில்லை, நிறையப் பேருக்குத் தெரியாது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளும், அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அரசு பாடசாலைக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் அது. 2011 ஏப்ரலில் தொடங்கியது. பாடசாலைக்கு வழக்கமாக வரும் நிதிக்கு மேலாக வருகிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 300 கோடி பவுண்ட்.

அரச பாடசாலைகளுக்கும் அகாடமிகளுக்கும் கிடைக்கும். கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளுக்குக் கிடையாது.

2. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருது? எல்லாப் பிள்ளைக்கும் வருமா?

எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது வருமான அடிப்படையில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றதாகப் பதிவான பிள்ளைக்கு, ஆரம்பப் பாடசாலையில் 1,515 பவுண்ட், இடைநிலைப் பாடசாலையில் 1,075 பவுண்ட். கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கும், அப்படி இருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் 2,630 பவுண்ட். இராணுவத்தில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு 350 பவுண்ட். அது படிப்புக்காக அல்ல, பெற்றோர் அடிக்கடி பிரிந்திருப்பதால் வரும் மனச்சுமையைக் கவனிக்க. ஆரம்பப் பாடசாலையின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் தொடங்கி, பதினாறு வயதில் முடியும் இயர் 11 வரை இந்த ஏற்பாடு. நர்சரி வயதில் தனியாக ஒரு சிறு தொகை உண்டு, ஆண்டுக்கு 570 பவுண்ட் வரை.

கேட்க நல்ல தொகையாகத் தெரியும். ஆனால் ஆரம்பப் பாடசாலைத் தொகை 2015-16 முதல் 2019-20 வரை 1,320 பவுண்டிலேயே நின்றது. அந்தக் காலத்தில் ஆசிரியர் சம்பளம் நிற்கவில்லை, மின்சாரக் கட்டணமும் நிற்கவில்லை. பாடசாலைகள் 'காசு போதவில்லை' என்று சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது.

3. என்ர மகளுக்கு ஸ்கூல்ல ஏற்கெனவே ஃப்ரீ சாப்பாடுதான். பிறகேன் இன்னொரு ஃபோர்ம் நிரப்பச் சொல்லினம்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

2014 செப்டெம்பரில் இருந்து இங்கிலாந்து முழுவதும் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரில் இருந்து மேயரின் நிதியில் இயர் 6 வரை எல்லோருக்கும் இலவசம். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாமில் கவுன்சில் அதற்கும் முன்பிருந்தே கொடுத்து வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் கொடுக்கும் சாப்பாடு. பியூப்பில் பிரீமியம் கணக்கிடப்படுவது வருமான அடிப்படையில் தகுதி பெற்ற பிள்ளைகளின் பதிவை வைத்து. தட்டில் சாப்பாடு ஏற்கெனவே இருப்பதால் பெற்றோர் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பம் இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் பாடசாலைக்குப் பணம் இல்லை. சில கவுன்சில்கள் தங்களிடம் உள்ள தகவலை வைத்துத் தாமாகவே பதிவு செய்யத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் கவுன்சில் செய்கிறதா என்று கேளுங்கள். தெரியும்வரை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசெப்ஷனில் ஒருமுறை பதிவானால் அந்தப் பிள்ளையின் பெயரில் ஆறு ஆண்டுகளில் 9,000 பவுண்டுக்கு மேல் பாடசாலைக்கு வரும். விண்ணப்பத்தில் கேட்பது உங்கள் பெயர், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் அல்லது அகதி உதவி இலக்கம். பத்து நிமிட வேலை. ஒக்டோபர் முதல் வாரத்தில் நடக்கும் பாடசாலைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் அடுத்த ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பணம் முடிவாகும். ஆகவே செப்டெம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். தவறவிட்டாலும் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம், பணம்தான் ஓராண்டு தள்ளிப்போகும்.

4. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறார். யூனிவர்சல் கிரெடிட்டும் வருது. தகுதி இருக்கா இல்லையா?

யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த வீடுகளுக்கான அரச உதவித் தொகை, பெறும் வீடாக இருந்தால், உழைத்துக் கையில் வரும் சம்பளம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக்கூடாது. வரி போன்ற கழிவுகளுக்குப் பிந்திய தொகை அது. உதவித் தொகைகளை அதில் சேர்ப்பதில்லை, சம்பளத்தை மட்டுமே பார்ப்பார்கள். கணவன் மனைவி இருவரின் சம்பளமும் சேர்ந்து கணக்கு. கடைசி மாதம் 616.67 பவுண்டுக்கு மேல் போகாவிட்டாலே தகுதி கிடைக்கும். அந்த மாதம் கூடுதலாக உழைத்திருந்தால் கடைசி இரண்டு அல்லது மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் கடை, கிடங்கு, கெயார் ஹோம் வேலைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு மாதம் இல்லையென்று வந்தால் அடுத்த மாதம் திரும்பவும் போடலாம்.

வருமான அடிப்படையிலான வேறு சில உதவிகள், பென்ஷன் கிரெடிட்டின் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவி) உத்தரவாதப் பகுதி, அகதிக் கோரிக்கையாளருக்கான உதவி இவற்றைப் பெறுவோருக்கும் தகுதி உண்டு. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் பென்ஷன் கிரெடிட்டை யாரும் நினைப்பதே இல்லை.

5. நாங்க விசாவுல இருக்கோம், பப்ளிக் ஃபண்ட்ஸ் வாங்கக்கூடாதுன்னு கார்டுல போட்டிருக்கு. இதுக்கு அப்ளை பண்ணா விசாவுக்குப் பிரச்சனை வருமா?

வராது. குடிவரவு விதிகள் 'பொது நிதி' என்று பட்டியலிடும் உதவிகளில் பாடசாலை இலவச உணவு இல்லை. யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் இது குறுக்கே வராது.

2022இல் இருந்து, பொது நிதி பெற முடியாத விசாவில் இருக்கும் எல்லா வகைக் குடும்பங்களும், வருமானம் வரம்புக்குள் இருந்தால், இலவச உணவுக்கு விண்ணப்பிக்கலாம். லண்டனுக்கு உள்ளே ஒரு வரம்பு, வெளியே அதைவிடக் குறைந்த வரம்பு. ஒரு பிள்ளையா, அதற்கு மேலா என்பதைப் பொறுத்தும் மாறும். லண்டனில் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு அப்போது வைத்த வரம்பு 31,200 பவுண்ட். கேள்வி 4இல் சொன்ன 7,400ஐப் பார்த்துவிட்டு 'நமக்கில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அந்தக் கணக்கு உங்களுக்கு உரியது அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கும் பியூப்பில் பிரீமியம் வரும். கணினி தானாகச் சரிபார்க்க முடியாததால் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை போன்றவற்றை அலுவலகத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

6. பதிஞ்சா மற்றப் பிள்ளையளுக்குத் தெரியவருமோ? என்ர மகன்ர மனம் நோகக்கூடாது.

அந்தக் கவலை நியாயமானது. ஊரில் வசதியாக வாழ்ந்து இங்கே வந்து முதலிலிருந்து தொடங்கியவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். பாடசாலை இதை வெளியில் சொல்லக்கூடாது. பாடசாலை வெளியிடும் அறிக்கைகளில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தால்தான் உதவ முடியும். சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் ஒரே வரிசைதான். பணம் கட்டும் பிள்ளை யார், இலவசம் பெறும் பிள்ளை யார் என்று பார்த்தவுடன் பிரித்தறியும்படி எதுவும் செய்யக்கூடாது.

'பியூப்பில் பிரீமியம் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள்' என்று யாராவது வகுப்பில் கூப்பிட்டால் அது தவறு. உடனே அதிபரிடம் சொல்லுங்கள்.

7. 1,515 பவுண்ட் என்ர பிள்ளையின்ர பேரில வருதெண்டால் அதை எங்களிட்டத் தரலாமே? நாங்களே ரியூஷனுக்குக் கட்டுவம்.

பிள்ளையின் பெயரை வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஆனால் அந்தப் பிள்ளையின் தனிக் கணக்கில் போடுவதில்லை. மொத்தமாகப் பாடசாலைக்கு வரும், எப்படிச் செலவிடுவது என்பதை அதிபரும் கவர்னர்களும் தீர்மானிப்பார்கள். தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று விதி இல்லை. பதிவில் இல்லாத, ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் செலவிடலாம். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிள்ளை, சமூக சேவையாளரின் கவனிப்பில் உள்ள ஒரு பிள்ளை என்று.

கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஏற்பாடு வேறு. அங்கே 'விர்ச்சுவல் ஸ்கூல்' தலைவர் என்று ஒருவர் கவுன்சிலில் இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் தனிக் கல்வித் திட்டத்தின்படி அவர்தான் அந்தப் பணத்தை நிர்வகிப்பார்.

அதற்காக நீங்கள் எதுவும் கேட்கக்கூடாது என்றில்லை. 'இந்த ஆண்டு என் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது?' என்று பெற்றோர் சந்திப்பில் கேட்பது முழுக்க முழுக்கச் சரியான கேள்வி.

8. அப்ப என்னத்துக்குத்தான் செலவழிக்கினம்?

கல்வித் துறை மூன்று வகையாகப் பிரித்து ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது, பாடசாலைகள் அதற்குள் நின்றே செலவிட வேண்டும். முதலாவது நல்ல கற்பித்தல்: ஆசிரியர் பயிற்சி, அனுபவமுள்ளவர்களைத் தக்கவைத்தல். இரண்டாவது குறிவைத்த உதவி: சிறு குழுப் பாடம், தனிப் பாடம், வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற உதவி ஆசிரியர். மூன்றாவது வகுப்புக்கு வெளியே உள்ள தடைகள்: வரவு, நடத்தை, மனநலம், காலை உணவு.

முதலாவதைப் பார்த்துத்தான் பெற்றோர் கோபப்படுகிறார்கள். 'ஏழைப் பிள்ளைக்கு வந்த காசில் ரீச்சருக்கு ட்ரெயினிங்கா?' என்று. நானும் யோசித்துப் பார்த்ததில் எனக்கு அது சரியென்றே படுகிறது. வாரம் அரைமணி நேரம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது நல்லது. ஆனால் மீதி இருபத்துச் சொச்ச மணி நேரமும் பிள்ளை இருப்பது வகுப்பில். அங்கே பாடம் விளங்காவிட்டால் அரைமணி நேரம் எதைத் திருத்தும்? அதேநேரம், 'நல்ல கற்பித்தல்' என்ற தலைப்பின் கீழ் எதையும் ஒளித்துவைக்கலாம் என்பதும் உண்மை. சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கருத்துக்கணிப்பில், இந்தப் பணத்தைப் பாடசாலையின் பொதுவான பற்றாக்குறையை அடைக்கப் பயன்படுத்துவதாகக் கணிசமான அதிபர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே என்ன பயிற்சி, யாருக்கு, எதற்காக என்று கேட்க வேண்டும்.

எது பலன் தரும் என்று ஆராய்வதற்காகவே 2011இல் கல்வித் துறையின் 12.5 கோடி பவுண்டில் எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு கற்பித்தல் முறையும் சராசரியாக எத்தனை மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தருகிறது என்று அவர்கள் கணித்து வெளியிடுகிறார்கள். தனிப் பாடத்துக்குச் சுமார் ஐந்து மாதம். பாடசாலைகளும் இதைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

9. என் பொண்ணு கிளாஸ்ல முதல்ல வர்றவ. இந்தப் பணம் படிப்புல வீக்கான பசங்களுக்குத்தானே?

இல்லை. வீட்டு வருமானத்துக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை, இந்தப் பணமும் அப்படி ஒரு சம்பந்தத்தை எடுத்துக்கொள்வதில்லை. இயர் 6 முடிவில் மிக நன்றாக வந்த பிள்ளை, வருமானம் குறைந்த வீட்டிலிருந்து வந்தால், பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை வரும்போது அதே மதிப்பெண் எடுத்த வசதியான பிள்ளையைவிடப் பின்னால் நிற்பது இந்த நாட்டில் நன்கு அறியப்பட்ட பிரச்சினை. கெட்டிக்காரப் பிள்ளை சத்தம் போடாது, சமாளித்துக்கொண்டு போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உங்கள் மகளுக்குக் கேட்கக்கூடியவை: இசைக் கருவிப் பாடம், மேலதிகக் கணிதக் குழு, பல்கலைக்கழகப் பயணம், புத்தகங்கள். இல்லையென்று சொன்னால், அவள் இன்னும் மேலே போக என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

10. அவருக்கு இப்ப நல்ல வேலை கிடைச்சிட்டுது. பிரீமியம் நிண்டுபோகுமோ?

உடனே நிற்காது. கேள்வி 2இல் சொன்ன ஆறு ஆண்டு விதி இதற்குத்தான் இருக்கிறது. ஒருமுறை பதிவானால் வருமானம் கூடிய பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்காகப் பணம் வரும். பாடசாலை மாறினாலும் இங்கிலாந்துக்குள் பதிவு கூடவே போகும். ஆகவே வேலையிழந்த சில மாதங்களில் 'கொஞ்ச நாள்தானே' என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

11. விளையாட்டுக்கெண்டு தனியா ஒரு காசு வருதாமே, உண்மையோ?

உண்மை. ஆரம்பப் பாடசாலைகளுக்கு 'பிஇ அண்ட் ஸ்போர்ட் பிரீமியம்' என்று ஒன்று வருகிறது (பிஇ என்றால் உடற்கல்வி). 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, 2013இல் தொடங்கியது. 2017-18இல் ஆண்டுக்கு 32 கோடி பவுண்டாக இரட்டிப்பானது. சீனி கலந்த குளிர்பானங்கள் மீது வரும் வரியைக் காட்டித்தான் அந்த உயர்வை அறிவித்தார்கள்.

இயர் 1 முதல் இயர் 6 வரை 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பாடசாலைக்கு 16,000 பவுண்ட், அதோடு பிள்ளைக்கு 10 பவுண்ட். அதைவிடச் சிறிய பாடசாலைக்குப் பிள்ளைக்கு 1,000. ஆண்டுக்கு இரண்டு வகுப்பு வீதம் 360 பிள்ளைகள் இருக்கும் ஒரு லண்டன் பாடசாலைக்கு 19,600 பவுண்ட் வரும். நூறு பிள்ளைகள் இருக்கும் கிராமத்துப் பாடசாலைக்கு 17,000. பெரிய நகரப் பாடசாலைகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு நியாயமானது அல்ல என்பது என் எண்ணம்.

பியூப்பில் பிரீமியம் போல இதற்கு வருமானக் கணக்கு இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஆனால் யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற விளையாட்டு அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் ஆசியப் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மற்றவர்களைவிடக் குறைவாகவே ஓடியாடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும், அதில் 30 நிமிடம் பாடசாலையில் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. பிள்ளை ஓடியாடினால் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடுமா என்று நம்மவர்கள் உடனே கேட்பார்கள். கேள்வி 8இல் சொன்ன ஃபவுண்டேஷனின் ஆய்வின்படி சராசரியாக ஒரு மாத முன்னேற்றம்தான். இருக்கட்டும். பிள்ளையின் இதயமும் எலும்பும் தூக்கமும் சந்தோஷமும் மதிப்பெண் வாங்கித் தந்தால்தான் மதிப்பு என்றில்லை.

12. எங்கட ஸ்கூல்ல ஒரு கோச் வந்து பிஇ எடுக்கிறார். அந்த நேரம் கிளாஸ் ரீச்சர் உள்ள இருந்து கொப்பி திருத்திறா. இது சரியா?

கோச் வருவது தவறில்லை. எந்தக் காசில் வருகிறார் என்பதுதான் கேள்வி. ஆசிரியருக்குச் சட்டப்படி உரிய பாடத் தயாரிப்பு நேரத்தை நிரப்ப, விளையாட்டுப் பணத்தில் கோச்சை அமர்த்தக்கூடாது. பாடசாலையின் வழக்கமான நிதியில் தாராளமாகச் செய்யலாம்.

இந்த விதிக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. பணம் நின்றுபோனாலும் பலன் நிற்கக்கூடாது என்பதே நோக்கம். வகுப்பாசிரியர் கோச்சுடன் கூடவே நின்று, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்த்து, அடுத்த பருவத்தில் தானே எடுக்கக் கற்றுக்கொண்டால் அது செல்லும். ஆசிரியரின் திறனை வளர்ப்பது, எல்லாப் பிள்ளைகளையும் அசையவைப்பது, பாடசாலையில் விளையாட்டின் மதிப்பை உயர்த்துவது, பலவகை விளையாட்டுகளை எல்லோருக்கும் சமமாகத் திறந்துவிடுவது, போட்டிகளில் சேர்ப்பது என்ற ஐந்து நோக்கங்களுக்குள் செலவு அடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் எப்படியும் கற்பித்தே ஆகவேண்டிய பிஇ வகுப்புக்கும், கட்டட வேலைக்கும் இதை எடுக்கக்கூடாது. முற்றத்தில் பெரிய விளையாட்டுக் கட்டமைப்பு முளைத்திருந்தால் அது எந்தக் காசில் என்று கேட்கலாம்.

13. ஸ்விம்மிங்குக்குக் காசு கேக்கினம். கட்டாட்டி பிள்ளையை விட்டிட்டுப் போவினமோ? அதோட பொம்பிளைப் பிள்ளையை அனுப்பத்தான் வேணுமோ?

நீச்சல் ஆரம்பப் பாடசாலைப் பாடத்திட்டத்தில் உள்ளது. பாடசாலை நேரத்தில் நடக்கும் பாடத்துக்குக் கட்டணம் அறவிட முடியாது. 'விருப்பப் பங்களிப்பு' கேட்கலாம். கொடுக்காத பெற்றோரின் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. கடிதத்தில் அந்தச் சொல் எங்கேயாவது சிறிய எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இயர் 6 முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீட்டர் தடுமாறாமல் நீந்த வேண்டும், பலவித நீச்சல் முறைகள் தெரிய வேண்டும், தண்ணீரில் ஆபத்து வந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். எத்தனை சதவீதம் பேர் அந்த நிலையை எட்டினார்கள் என்று பாடசாலை தன் தளத்தில் வெளியிட வேண்டும். வழக்கமான பாடங்களுக்குப் பிறகும் எட்டாத பிள்ளைகளுக்கு மேலதிக நீச்சல் வகுப்பு வைக்க விளையாட்டுப் பணத்தைப் பயன்படுத்தலாம். இதைக் கேட்டு வாங்குங்கள். தனியார் நீச்சல் வகுப்புக்குக் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே நீந்துகிறார்கள்.

பெண் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும். சமயப் பாடம், காலை வழிபாடு, பாலியல் கல்வி போன்ற சிலவற்றிலிருந்து விலக்கக் கேட்க பெற்றோருக்கு உரிமை உண்டு, பிஇ அதில் இல்லை. உடைதான் தயக்கமென்றால் உடலை மூடும் நீச்சலுடைக்குப் பல பாடசாலைகள் இடம் கொடுக்கின்றன, முன்கூட்டியே பேசுங்கள். கடலும் குளமும் பார்த்து வளர்ந்த ஊர்களிலிருந்து வந்த நாம், நம் மகள்களுக்குத் தண்ணீரில் தப்பிக்கத் தெரியாமல் விடக்கூடாது.

14. பையனுக்கு ஸ்கூல் முடிஞ்சு நடக்கிற கிரிக்கெட் கிளப்ல சேர ஆசை. ஃபீஸ் கட்ட முடியல. கேட்டா தப்பா நினைப்பாங்களா?

பாடசாலை நேரத்துக்குப் பிந்திய கிளப்புக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் பியூப்பில் பிரீமியம் பதிவில் உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகவோ பாதிக் கட்டணத்திலோ பல பாடசாலைகள் இடம் கொடுக்கின்றன. பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: 'என் மகனுக்கு இந்தக் கிளப்பில் சேர விருப்பம். கட்டண உதவி உண்டா?' யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குச் சிரமம்.

தங்கிவரும் சுற்றுலாவுக்கும் இதே கதை. பாடசாலை நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் தங்குமிடம், சாப்பாட்டுக்கு மட்டும் கட்டணம் கேட்கலாம். கேள்வி 4இல் சொன்ன உதவிகளைப் பெறும் பெற்றோருக்கு அந்தக் கட்டணமும் விலக்கு.

15. மகன் செக்கண்டரிக்குப் போயிட்டான். அங்கயும் ஸ்போர்ட் காசு இருக்கோ? லீவு நாளில என்ன செய்யிறது?

விளையாட்டுப் பிரீமியம் ஆரம்பப் பாடசாலையோடு சரி. பியூப்பில் பிரீமியம் இயர் 11 வரை தொடரும், அதிலிருந்து உதவி கேட்கலாம்.

விடுமுறைக்கு 'ஹாஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம் 2021 முதல் எல்லாக் கவுன்சில்களிலும் உண்டு. வருமான அடிப்படையில் இலவச உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு ஈஸ்டர், கோடை, கிறிஸ்மஸ் விடுமுறைகளில் விளையாட்டும் சாப்பாடும் இலவசம். இதற்கும் கேள்வி 3இல் சொன்ன அதே பதிவுதான் சாவி.

16. லெவன் பிளஸ்ல இது உதவும்னு சொல்றாங்களே?

லெவன் பிளஸ் என்பது, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைகளுக்கான நுழைவுத் தேர்வு. அதில் இது சில இடங்களில் உதவும். இடம் ஒதுக்கும்போது பியூப்பில் பிரீமியம் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கப் பாடசாலைகளுக்கு அனுமதி உண்டு. பர்மிங்ஹாமின் கிங் எட்வர்ட் கிராமர் பாடசாலைகள் குறைந்த தகுதி மதிப்பெண்ணுடன் அப்படி இடம் ஒதுக்குகின்றன. வேறு பல கிராமர் பாடசாலைகளும் ஏதாவது ஒரு வடிவில் செய்கின்றன. ஒவ்வொரு பாடசாலையின் சேர்க்கை விதியும் வேறு, சிலர் ஆறு ஆண்டுப் பதிவை ஏற்பார்கள், சிலர் தற்போதைய தகுதியை மட்டும் பார்ப்பார்கள். பரீட்சைக்குப் பதியும்போதே தனிப் படிவம் கேட்பார்கள், கடைசித் திகதியைத் தவறவிடாதீர்கள். ஆயிரக்கணக்கில் ரியூஷனுக்குச் செலவிடும் வீடுகளோடு நம் பிள்ளை போட்டியிடும்போது இது சலுகையாக எனக்குத் தெரியவில்லை.

17. 2026 செப்டெம்பரில இருந்து யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற எல்லாருக்கும் ஃப்ரீ சாப்பாடெண்டு நியூஸில சொல்லிச்சினம். அப்ப பிரீமியமும் எல்லாருக்குமோ?

சாப்பாடு எல்லோருக்கும், பிரீமியம் அப்படியல்ல. 2025 ஜூனில் அரசு அறிவித்தபடி 2026 செப்டெம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பெறும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம், சம்பள வரம்பு பார்க்கப்படாது. பியூப்பில் பிரீமியத்தைப் பழைய 7,400 வரம்பிலேயே வைத்திருக்கப்போவதாகவும் அரசு அப்போதே சொல்லிவிட்டது. கேள்வி 3இல் சொன்ன சிக்கல் இதனால் இன்னும் பெரிதாகலாம் என்று பயப்படுகிறேன். சாப்பாடு எப்படியும் கிடைக்கிறதே என்று வரம்புக்குக் கீழே உள்ளவர்களும் பேசாமல் இருந்துவிடக்கூடாது.

18. ஸ்கூல் சைட்டில ஏதோ அறிக்கை போடுவினமாம். வாசிச்சா விளங்குமோ?

இரண்டு அறிக்கைகள். பியூப்பில் பிரீமியத் திட்ட அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும். விளையாட்டுப் பணத்தின் கணக்கை ஜூலை 31க்குள் வெளியிட வேண்டும். அந்தப் பணத்தை ஓகஸ்ட் 31க்குள் செலவழித்துவிடவும் வேண்டும்.

முதலாவதில் பல பக்கங்கள் இருக்கும், எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. எத்தனை பிள்ளைகள், மொத்தம் எவ்வளவு என்ற முதல் அட்டவணை, பிறகு நேரே 'சென்ற ஆண்டின் விளைவு' என்ற பகுதி. போன ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விளைவுப் பகுதி சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தால், யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று அர்த்தம். விளையாட்டு அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது நீச்சல் சதவீதத்தை. அடுத்ததாக, கிளப்புகளில் சேர்ந்தவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை, பியூப்பில் பிரீமியம் பிள்ளைகள் எத்தனை என்று எழுதியிருக்கிறார்களா என்று.

19. சரியாச் செலவழிக்கேல்லை எண்டு சந்தேகம் வந்தா யாரிட்டப் போறது? பிள்ளைக்குப் பாதிப்பு வராதோ?

முதலில் பியூப்பில் பிரீமியத்துக்குப் பொறுப்பான ஆசிரியர், பிறகு அதிபர். திருப்தியில்லையென்றால் கவர்னர் குழுத் தலைவருக்கு எழுதுங்கள். இந்தப் பணத்தைக் கவனிக்கவென்றே ஒரு கவர்னரைப் பல பாடசாலைகள் நியமித்திருக்கும். குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாக எழுதினால் பதில் விரைவில் வரும்: 'அறிக்கையில் வாசிப்புக் குழுவுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. என் மகன் அதில் இருக்கிறானா? இல்லையென்றால் அவனுக்கு வேறென்ன ஏற்பாடு?' கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளையை எந்த நல்ல பாடசாலையும் பழிவாங்காது. ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அல்லது தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அதற்கும் பதில் வராவிட்டால் முறையான புகார் வழி உண்டு, ஒவ்வொரு பாடசாலையும் அதை வெளியிட்டிருக்க வேண்டும். கணக்கு விவரம் மட்டும் வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதலாம். அரச பாடசாலைகளும் அகாடமிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. பொதுவாக 20 பாடசாலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனி மனுப் படிவம் கிடையாது, உங்கள் பெயரும் முகவரியும் கேட்கும் விவரமும் உள்ள ஒரு மின்னஞ்சல் போதும்.